விற்காத சரக்கின் நஷ்டம்

ஒரு மனிதனின் பேச்சுக்கு விலை பதினெட்டரை லட்சம் ரூபாய். வரி தனி. பேரம் கிடையாது என்று விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பேச முடியாதவன் எப்படிப் பேரம் பேசுவான் என்று அதை அச்சடித்தவன் யோசித்திருக்க மாட்டான்.

பக்கவாதத்தில் நாக்கு விழுந்துபோனவர்களுக்கான சரக்கு அது. காதுக்குப் பின்னால் ஒரு சில்லு, தாடைக்கு அடியில் காலணா அகலத்துக்கு ஓர் ஒலிப்பொட்டு. இந்த இரண்டும் கைக்கடிகார பாட்டரி விலைக்கு வந்து வருடங்களாகிவிட்டன. விலையெல்லாம் சில்லுக்குள் ஏற்றுகிற மொழிப்பொதிக்குத்தான். மனம் சொல்ல நினைப்பதைப் பிடித்து, வார்த்தையாக்கி, பொட்டின் வழியே பேசிவிடும். அதை உருவாக்க வாக்தாரா கம்பெனி இருபது வருடம் உழைத்தது. அதை யாரும் மறுக்கவில்லை. உழைத்தவனுக்குக் கூலி உண்டு. எவ்வளவு என்பதில்தான் உலகத்துச் சண்டையெல்லாம்.

சென்னை பர்மா பஜாரில் கடை வைத்திருந்த செய்யது பாவா அந்தப் பொதியை நகல் எடுத்து ஆறாயிரத்துக்கு விற்றார். ஆறாயிரம் என்பது சொல்லும் விலை. கொடுக்கும் விலை, எதிரில் நிற்பவரின் செருப்பைப் பார்த்து முடிவாகும். அப்படி நாற்பதாயிரம் பேர் வாங்கினார்கள்.

கம்பெனி கணக்குப் போட்டது. நாற்பதாயிரம் நகல், நகலுக்குப் பதினெட்டரை லட்சம், ஆக நஷ்டம் ஏழாயிரத்து நானூறு கோடி. நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன. தொகை பெரிதாகிவிட்டால் அதை யாரும் சரிபார்ப்பதில்லை, கொத்தமல்லிக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள்கூட.

ஜெயக்கொடி சரிபார்த்தாள். பதிப்புரிமைத் தீர்ப்பாயத்தில் நஷ்ட மதிப்பீட்டாளர் வேலை அவளுக்கு. விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பெண். அம்மா அப்பா என்று சொல்வதற்கு முன்பே விலை சொல்லப் பழகியவள் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள்.

முதல் நாள் விசாரணை முடிந்து, காபி இயந்திரத்துக்கு முன்னால் கம்பெனி வக்கீல் நந்தகோபனைப் பிடித்தாள்.

"பெருக்கல் சரியாத்தான் சார் இருக்கு. ஆனா இத்தனை பேரும் உங்க விலைக்கு வாங்கியிருப்பாங்கன்னு யார் சொன்னது?"

"எடுத்திருக்காங்களே மேடம். வேணும்னுதானே எடுத்தாங்க?"

"வேணும்ங்கிறது வேற, வாங்கறது வேற. எங்க மண்டிக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து, வத்தலைக் கிள்ளி முகர்ந்து, தும்மிட்டுப் போவாங்க. எங்கப்பா எந்தத் தும்மலுக்கும் பில் போட்டதில்ல."

நந்தகோபன் சிரித்தார். நல்ல மனிதர், சம்பளம் இடம் கொடுத்த அளவுக்கு நல்லவர். "முகர்ந்தவன் மூட்டையைத் தூக்கிட்டுப் போகலையே?"

"தூக்கிட்டுப் போனா எங்களுக்கு ஒரு மூட்டை குறையும். உங்க குடோன்ல என்ன குறைஞ்சுது?"

"விலை குறையும். நாளைக்குப் பதினெட்டரை லட்சம் கையில வெச்சிருக்கறவனும் பர்மா பஜாருக்குத்தான் போவான்."

"அது நியாயம். அப்படிப் போனவன் எத்தனை பேர்னு கணக்கு கொடுங்க, நானே கையெழுத்துப் போடறேன். இல்லாதவனையும் அதே பட்டியல்ல சேர்க்காதீங்க."

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. நாற்பதாயிரம் பேரையும் கூண்டில் ஏற்றினால் ஒரு தலைமுறை ஓடிவிடும் என்பதால், குலுக்கலில் ஒருவரை எடுப்பார்கள். அவருக்குச் சான்றாள் என்று பெயர். நகல் கிடைத்திருக்காவிட்டால் அசலை வாங்கியிருப்பாயா என்று அவரைக் கேட்பார்கள். அவர் சொல்வதே அத்தனை பேரின் பதில். தன் சொல்லுக்கு அவ்வளவு எடை என்பதை மட்டும் சான்றாளிடம் சொல்லக் கூடாது. தெரிந்தால் பயந்து பேசுவாராம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சட்டம் எழுதியவர்களில் சமையல் தெரிந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். சோறெல்லாம் ஒரே தண்ணீரில் வெந்தது.

சான்றாள் வாங்கியிருக்க மாட்டேன் என்று சொன்னால், பாவா ஒரு நியாயமான தொகையைக் கட்டுவார், நகல்கள் பிழைக்கும். வாங்கியிருப்பேன் என்றால் நஷ்டம் முழுதாக நிரூபணமாகி அழிப்பாணை வரும். எல்லா நகலுக்குள்ளும் கம்பெனி வைத்த ஒரு பூட்டு இருந்தது. பாவாவால் அதைத் திறக்க முடிந்ததே தவிர கழற்ற முடியவில்லை. ஒரு சமிக்ஞை போதும், நாற்பதாயிரம் பேரும் ஒரே நொடியில் ஊமை.

குலுக்கலில் வந்த பெயர் மாரப்பன். பொள்ளாச்சி, மாட்டுத் தரகர்.

தென்னைநார்க் களத்துக்குப் பின்னால் இரண்டறை வாடகை வீடு. ஜெயக்கொடி போனபோது மாரப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. உடம்பின் வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தது.

"வாங்க அம்மணி, உக்காருங்க. ஏ புள்ளே, அம்மணிக்கு மோர் கொண்டா." குரல் தாடைக்கு அடியிலிருந்து வந்தது. உதடு அரைக் கணம் பிந்தி அசைந்தது. ஆனால் பேச்சு அச்சு அசல் பொள்ளாச்சிப் பேச்சு.

ஜெயக்கொடிக்கு ஆச்சரியமாக இருந்தது. அசல் பொதியை அவள் கேட்டிருக்கிறாள். வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கும். "இந்தப் பேச்சு எப்படி வந்துச்சு அண்ணாச்சி?"

"பாவா ஆளு ஒருத்தன் சந்தைக்கு வந்து ஒரு மாசம் குந்தியிருந்தானுங்க. எங்க வசவையெல்லாம் புடிச்சுட்டுப் போயி உள்ள போட்டுட்டான். கம்பெனிக்காரன் சரக்குல வசவே இல்லீங்களாமா. வசவில்லாம மாடு விக்க முடியுங்களா?"

அப்படியானால் இவர் வாங்கிய சரக்கைக் கம்பெனி விற்கவே இல்லை. இல்லாத சரக்கு விற்காமல் போனதற்கும் நஷ்டம் கேட்கிறார்கள். அதை மனதில் குறித்துக்கொண்டு கேட்டாள். "பேச்சு வந்ததும் முதல்ல என்ன பேசுனீங்க?"

மாரப்பன் மோர் கொண்டுவந்த மனைவியைப் பார்த்தார். "இவளெத் திட்டுனேனுங்க. ரெண்டு வருசத்துப் பாக்கி."

"அர மணி நேரம் திட்டுனாருங்க," என்றாள் துளசிமணி. "மோரு புளிச்சதுல ஆரம்பிச்சு, எங்கொப்பன் சீர் கொறச்ச வரைக்கும். நா அழுதுபோட்டேன். பக்கத்து ஊட்டுக்காரி, ஏனுக்கா அடிக்கறாரான்னு ஓடியாந்தா. இல்லடி, பேசறாருன்னேன்."

அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் களத்து ஆட்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால்தான் ஜெயக்கொடி கேட்டாள். "பாவா கடை இல்லேன்னு வைங்க. கம்பெனி விலைக்கு வாங்கியிருப்பீங்களா?"

"வாங்கிப் போடலாமுங்க. அதுக்கென்ன," என்றார் மாரப்பன், வாசலுக்குக் கேட்கும்படி. துளசிமணி மோர்த் தம்ளரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவர்கள் விற்ற சொந்த வீட்டில் இப்போது வேறு யாரோ சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மாரப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்து, ஜெயக்கொடியின் கை மேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டார்.

ஜெயக்கொடிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுச் சந்தையிலும் சில மண்டிகளிலும் உண்மையான விலை அங்கேதான் பேசப்படும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. நடுக்கணுவைத் தொட்டால் அரை. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். வாயால் சொல்வது வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. துண்டுக்குள் சொல்வதுதான் விலை.

மூன்று விரல். நான்காவதில் நடுக்கணு. மூவாயிரத்து ஐந்நூறு.

"அதுக்கு மேல?"

கை அவள் உள்ளங்கையில் விரித்தபடி கிடந்தது. அதுவே கடன் என்று அந்தக் கை சொன்னது.

"இதை மெட்ராஸ்ல வந்து சொல்லுங்க அண்ணாச்சி. 'என்னால வாங்கியிருக்க முடியாது'ன்னு ஒரு வாக்கியம். அது போதும்."

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வந்தர்றேனுங்க அம்மணி."

வருகிறேன் என்றார். சொல்கிறேன் என்று சொல்லவில்லை. மண்டியில் வளர்ந்தவளுக்கு அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் நெடுங்காலம் அலுவலகத்தில் இருந்துவிட்டவள்.

தீர்ப்பாயத்துக்கு மாரப்பன் தனியாக வரவில்லை. சந்தை ஆட்கள் ஆறேழு பேர் வேன் பிடித்துக் கூடவே வந்திருந்தார்கள். நம்ம தரகரை மெட்ராஸில் ஒத்தையில் விடுவதா என்ற பாசம். கெடுத்தது அந்தப் பாசம்தான். தரகருக்கு மூலதனம் கிடையாது. இவருடைய மாட்டை அவர் நம்பி ஓட்டிப் போவார், அவருடைய பணத்தை இவர் நம்பி வாங்கி வைப்பார். நடுவில் நிற்கிற மனிதனின் கை காலி என்று தெரிந்த அன்று அந்தக் கையில் ஒருவரும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்.

நந்தகோபனுக்கு இது தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்ட விதம் அப்படி. "மாரப்பன், நீங்க பெரிய தரகர்னு கேள்விப்பட்டேன். கேரளாவுக்குப் போற மாடெல்லாம் உங்க கை பட்டுத்தான் போகுமாமே?"

"போயிருக்குதுங்க."

"கோடிக்கணக்கில புழங்கின கை. பதினெட்டரை லட்சம் உங்களால முடியாத காரியமா? நகல் கிடைக்கலேன்னா அசலை வாங்கியிருப்பீங்களா, மாட்டீங்களா?"

மாரப்பன் பின்வரிசையைப் பார்த்தார். சந்தை ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் செய்த காரியம் யாருக்கும் விளங்கவில்லை. தோள் துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போட்டு, கூண்டுக்கு வெளியே, நடுவரை நோக்கி நீட்டினார்.

"என்ன அது? துண்டை எடுங்க," என்றார் கோர்ட் ஊழியர்.

ஜெயக்கொடி எழுந்தாள். "ஐயா, சான்றாள் பதில் சொல்றார். அவங்க வழக்கப்படி கையால. நடுவர் அவர் கையைப் பிடிச்சா போதும். நான் வேணும்னா மொழிபெயர்க்கிறேன்."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, அவர் கண்ணில் கொஞ்சம் குழப்பமும் இருந்தது. "அம்மா, இங்கே எல்லாம் பதிவாகணும். கையைப் பிடிச்சு எழுதின தீர்ப்பு மேல்முறையீட்டில் நிக்குமா? அவருக்குத்தான் பேச்சு இருக்கே. சத்தமாகச் சொல்லட்டும்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஒருவரும் பிடிக்கவில்லை. மாரப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்கியிருப்பேனுங்க," என்றார்.

ஜெயக்கொடிக்கு ஒரு கேள்வி அனுமதித்தார்கள். "எந்தப் பணத்துல அண்ணாச்சி?"

"மாரப்பன் பணம் எங்கிருந்து வருதுன்னு சந்தையில இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லீங்க அம்மணி."

பின்வரிசையில் ஒருவர் பெருமையாகத் தொடையைத் தட்டினார். ஜெயக்கொடி உட்கார்ந்தாள். மண்டி கடனில் மூழ்கிய மாதத்தில் அவள் அப்பா இரண்டு புதுச் சட்டை தைத்துக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. துண்டுக்குள் பேசியதை வெளியே சத்தமாகச் சொல்கிறவன் வியாபாரியே இல்லை என்று சொன்னவரும் அவர்தான்.

ஏழாயிரத்து நானூறு கோடி நிரூபணமானது. தீர்ப்பை வாசித்து முடித்ததும் செய்யது பாவா கையைத் தூக்கினார். "சார், தவணைல கட்லாமா? மாசம் எவ்ளோ வரும்னு மட்டும் சொல்லிடுங்க, ஊட்ல கேட்டுக்கறேன்." நடுவர்கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அழிப்பாணைக்குத் தேதி குறித்தார்.

அழிப்பு நடந்ததைச் சான்றாளிடம் நேரில் பார்த்து மதிப்பீட்டாளர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதனால் ஜெயக்கொடி மறுபடி பொள்ளாச்சிக்குப் போனாள். அன்று சந்தை நாள். சமிக்ஞை பகல் பன்னிரண்டு மணிக்கு.

மாரப்பன் வீட்டில் இல்லை. சந்தையில் ஒரு செவலைக் காளைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். துளசிமணி டீக்கடை ஓரம் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்றாள். பெண்கள் அதிகம் வராத இடம். அன்று அவளை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"வீட்டுக்குப் போய் அக்காகிட்டப் பேசிட்டு இருக்கலாமே அண்ணாச்சி?"

"அவகிட்டக் காத்தாலயே பேசி முடிச்சாச்சுங்க. திட்ட வேண்டியதெல்லாம் திட்டிப் போட்டேன். பாக்கி வெக்கலை." சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். வாக்தாரா அனுப்பியது. அசலை வாங்கத் தயாராக இருந்த மதிப்புமிக்க வாடிக்கையாளருக்கு நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி. "பேரமே கெடயாதுன்னானுங்க, இப்ப எறங்கி வாரான் பாருங்க. இன்னுங் கொஞ்சம் பேசுனா மூவாயிரத்து ஐந்நூறுக்கு வந்துருவான். பேசத்தான் ஆள் வேணும்."

அவர் சிரித்தார். உதடு பிந்தி வந்து சேர்ந்துகொண்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, நா சொன்னதுக்கு என்ற பேச்சு போவுது. அது சரிங்க, என்ற வாய், என்ற நட்டம். பேப்பர்ல வேறெ என்னமோ போட்டிருக்குதுன்னு பசங்க சொல்றாங்க. எத்தன பேர்த்துக்குங்க போவுது?"

"அப்புறம் சொல்றேன் அண்ணாச்சி."

அவர் அவளையே பார்த்தார். கேரளத்து வியாபாரி ஒருவர் காளையின் வாயைத் திறந்து பல் பார்க்க வந்தார். மாரப்பன் அவர் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "பல்லைப் பாருங்க, நல்லாப் பாருங்க. இந்த மாதிரிக் காளை உங்க ஊர்ல கனாவுலதான் வரும். நடையைப் பாத்தீங்கன்னா, இது நடந்து வர்றப்ப என்ன தோணுமுங்க தெரியுமா, நம்ம"

அவ்வளவுதான். உதடு மட்டும் மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்தது. வியாபாரி காதைச் சாய்த்துக் காத்திருந்தார். சந்தை ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். மெட்ராஸில் தொடையைத் தட்டியவர் வந்து காளையின் கயிற்றை மாரப்பன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுத் துளசிமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாரப்பன் துண்டை எடுத்தார். ஜெயக்கொடியின் கையை மூடினார். அவள் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினார். விலை கேட்கும் தட்டு அது. என்ன, எவ்வளவு, சொல்.

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தொகையைக் குறைத்துச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தாள். ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம் என்று எடுத்துக்கொள்வார், கொஞ்சம் தூங்குவார். ஆனால் துண்டுக்குள் பொய் சொல்லும் வழக்கம் இல்லை.

நான்கு விரலைப் பிடித்தாள்.

அவர் கை யோசித்தது. நானூறா என்பது போல மெல்ல ஒரு அழுத்து. அவள் அசையவில்லை. நாலாயிரமா. அவள் அசையவில்லை. மூன்றாவது முறை அழுத்தியபோது அவளும் அழுத்தினாள்.

அவர் அந்த நான்கு விரலையும் விடவே இல்லை. வியாபாரி போய்விட்டார், காளை போய்விட்டது, டீக்கடையில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். கையெழுத்திட வேண்டிய கை அவரிடம் இருந்தது.

ஆறு மாதம் கழித்து மீட்பு அறிக்கை எழுதும் வேலை வந்தது. தடுக்கப்பட்ட நஷ்டத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்று மதிப்பீட்டாளர் கணக்குக் காட்ட வேண்டும். கம்பெனி அனுப்பிய தாள்களை ஜெயக்கொடி மேசையில் பரப்பினாள். ஏழாயிரத்து நானூறு கோடியை நஷ்டமாகக் காட்டி அந்த வருடம் வரிச்சலுகை வாங்கியிருந்தார்கள். தமிழ்ப் பொதியின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில், அந்த மொழியில் தேவை இல்லை என்பதை விற்பனை விவரம் காட்டுகிறது என்று எழுதியிருந்தது.

நந்தகோபனுக்குத் தொலைபேசி செய்து கேட்டாள். "நாற்பதாயிரம் பேர்ல எத்தனை பேர் சார் வந்து வாங்கினாங்க?"

"தாள்ல இருக்கே மேடம்," என்றார் அவர்.

கணினியைத் திறந்து அறிக்கையை நிரப்பினாள்.

கோரிய நஷ்டம்: ஏழாயிரத்து நானூறு கோடி.
அழித்த நகல்: நாற்பதாயிரம்.
அதன்பின் விற்ற அசல்: இல்லை.
செய்யது பாவா கடையை ஜப்தி செய்ததில் வரவு: பதினோராயிரத்து இருநூறு, இரண்டு மேசை விசிறி உட்பட.

பாக்கி என்ற கட்டத்தில் நாற்பதாயிரம் என்று எழுதினாள். ரூபாயா என்று கணினி கேட்டது. இல்லை என்று அழுத்தினாள். யாரிடமிருந்து வர வேண்டும் என்று கேட்டது.

அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டாள்.